பங்குனி, சித்திரையில் இமயம்: பனிச்சரிவைக் கணிக்க முந்தின ராத்திரியைப் பாருங்கள்

பிப்ரவரி பிறந்தால் பூண்டி அடிவாரத்தில் கூட்டம் சேர ஆரம்பித்துவிடும். மே வரைக்கும் வெள்ளியங்கிரி மலைப்பாதையில் ராத்திரி முழுக்க டார்ச் வெளிச்சமும் மூங்கில் தடிச் சத்தமும்தான். அங்கே ஏறிப் பழகிய கோவை, திருப்பூர், ஈரோட்டுப் பிள்ளைகள் இப்போது அதே மாதங்களில் இமயமலைக்கும் போகிறார்கள். மார்ச்சில் கேதார்காந்தா, மே மாதத்தில் சார் பாஸ் என்று கல்லூரி நண்பர்களாக, கம்பெனி ஆட்களாகக் கிளம்புகிறார்கள். மலையேற்றமே பழகாத குடும்பங்களும் பரீட்சை லீவில் மணாலிக்கும் சிக்கிமுக்கும் போய்ப் பிள்ளைகளைப் பனியில் விளையாட விடுகின்றன. கேதார்நாத் நடை திறந்ததும் யாத்திரைக்கு இன்னொரு கூட்டம் போகிறது.

கிளம்பும் முன் எல்லோரும் விசாரிக்கிறார்கள். குளிர் எத்தனை டிகிரி, எந்த ஷூ வாங்கலாம், உயரத்தில் மூச்சு வாங்குமா, சைவச் சாப்பாடு கிடைக்குமா என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டியவைதான். பனிச்சரிவைப் பற்றி யாராவது வாய் திறந்தால் மட்டும், "அதெல்லாம் குளிர்காலத்துலதானுங்க, இப்பத்தான் வெயில் வந்திருச்சே" என்று பேச்சு முடிந்துவிடுகிறது. இந்தப் பதிலைத்தான் மாற்ற வேண்டும் என்று நினைக்கிறேன். வெயில் வந்ததும் பனிச்சரிவு ஆபத்து ஓய்ந்துவிடுவதில்லை. அதன் குணம் மாறுகிறது, அது வரும் நேரம் மாறுகிறது. மார்ச் கடைசியிலிருந்து மே வரை ஒரே சரிவு விடியற்காலை 5 மணிக்குப் பாறைபோல இறுகிக் கிடக்கும். பகல் 12 மணிக்கு அதே சரிவு ஆளைப் புதைக்கும். அந்த நாளில் எத்தனை மணி வரை அதை நம்பலாம் என்பதைப் பெரும்பாலும் முந்தின ராத்திரியே முடிவு செய்துவிடுகிறது.

2023 ஏப்ரல் 4 அன்று சிக்கிமில், காங்டாக்கிலிருந்து நாதுலா கணவாய்க்குப் போகும் ஜவாஹர்லால் நேரு சாலையில் 15-ஆம் மைல் அருகே பனி சரிந்தது. சுற்றுலாப் பயணிகள் 7 பேர் இறந்தார்கள். அன்றைக்கு 13-ஆம் மைல் வரைக்கும்தான் அனுமதி கொடுத்திருந்தார்கள். அதைத் தாண்டி, சாலையோரச் சரிவில் பனியைப் பார்க்க இறங்கி நின்றவர்கள்மேல் அது வந்தது. நேரம் நண்பகலை ஒட்டி. அடுத்த மாதமே கேதார்நாத் நடைபாதையில் பைரவ் பனிப்பாறைப் பக்கம் பனி இறங்கிப் பாதை அடைபட்டது. கயிறும் பனிக்கோடாலியுமாகச் சிகரம் ஏறப் போன இடங்கள் அல்ல இவை. ஒன்று டாக்ஸி போகும் சாலை, இன்னொன்று வயசானவர்களும் நடக்கும் யாத்திரைப் பாதை.

நமக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிவிட முடியாது. குன்னூருக்குப் பக்கத்தில் வெலிங்டனில் தலைமை மையம் வைத்திருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 19-ஆவது பட்டாலியனைச் சேர்ந்த 10 வீரர்கள் 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் புதைந்தார்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். அது நடுக் குளிர்காலத்தில் பெரிய பனிச்சுவர் ஒன்று விழுந்து நடந்தது. இங்கே நான் சொல்ல வருவது அதே மலைகளில் வெயில் காலத் தொடக்கத்தில் வரும் வேறொரு வகை.

பனிக்குள் தண்ணீர் இறங்கும்போது

மலைச் சரிவில் கிடக்கும் பனி ஒரே கட்டி இல்லை. நவம்பரில் விழுந்தது, ஜனவரியில் விழுந்தது, போன வாரம் விழுந்தது என்று அடுக்கடுக்காக இருக்கிறது. சில அடுக்குகள் இறுகியவை. சில அடுக்குகளில் படிகங்கள் ஒன்றோடொன்று பிடிப்பில்லாமல் உதிரியாக இருக்கும். பனி மெல்லிசாக இருந்து, தரையடி சூடும் மேற்பரப்புக் குளிரும் ரொம்ப வித்தியாசப்பட்டால், உள்ளே நீராவி மேல்நோக்கி நகர்ந்து இப்படிப்பட்ட உதிரிப் படிகங்களை உண்டாக்குகிறது. அதன்மேல் கெட்டியான பனி ஒரு பலகையாக உட்கார்ந்தால் குளிர்காலப் பனிச்சரிவுக்கு எல்லாம் தயார். ஒருவர் அதன்மேல் கால் வைத்ததும் அடியிலிருக்கும் அடுக்கு நொறுங்கும், விரிசல் கண்ணிமைக்கும் நேரத்தில் சரிவு முழுக்க ஓடும், பலகை மொத்தமாக நழுவும். பனியில் விளையாடப் போய், மலையேறப் போய்ச் சிக்குகிறவர்களில் பெரும்பாலோர் அவர்களோ கூட வந்தவர்களோ கிளப்பிவிட்ட சரிவில்தான் சிக்குகிறார்கள்.

வெயில் காலத்தில் யாரும் கால் வைக்காமலே சரியும். அங்கே வேலை செய்வது தண்ணீர். மேற்பரப்பு உருகியதும் அந்த நீர் பனித்துகள்களுக்கு நடுவே கீழே இறங்குகிறது. கொஞ்சம் ஈரம் பனியைப் பிடித்து வைக்கும். பிள்ளைகள் உருண்டை பிடிக்கும் பனி அப்படிப்பட்டதுதான். ஈரம் கூடக்கூட துகள்களை இணைத்திருந்த பாலங்கள் உருகிப் பிடிப்பு போய்விடுகிறது. கன அளவில் சில சதவீதம் தண்ணீர் சேர்ந்தாலே பனியின் பலம் வெகுவாகக் குறையும். இறங்கும் நீர் வழியில் இறுகிய ஓர் அடுக்கைச் சந்தித்தால் அங்கேயே பரவித் தேங்கி, மேலே இருப்பதை வழுக்க வைக்கிறது. குளிர்காலம் முழுக்க அடியில் கிடந்த அந்த உதிரி அடுக்குவரை நீர் போய்விட்டால் இன்னும் மோசம்.

இதனால் வசந்தத்தில் மிகவும் பயப்பட வேண்டிய நாட்கள், முதல் தடவையாக வெப்பம் ஏறி, அதுவரை காய்ந்து கிடந்த பனிக்குள் முதல் தடவையாகத் தண்ணீர் இறங்கும் நாட்கள். அதன்பின் பல நாள் பகலில் உருகி ராத்திரியில் உறைந்து, உருகி உறைந்து, பனி பருபருவென்று ஒரே மாதிரி ஆகிவிடும். தண்ணீர் வடிய அதற்குள்ளேயே வழிகளும் உண்டாகிவிடும். அந்தக் கட்டத்தில் பனி கணிக்கக் கூடியதாகிறது: உறைந்திருந்தால் நம்பலாம், நனைந்திருந்தால் நம்பக் கூடாது. மே மாதத்தில் சார் பாஸ் போகிறவர்களைக் கடைசி முகாமிலிருந்து விடிவதற்கு முன்பே கிளப்பிவிடுவதற்கு இதுதான் காரணம். வெள்ளியங்கிரியில் நாம் ராத்திரி ஏறுவது வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் பயந்து. பனி மலையில் ராத்திரி ஏறுவது பனி கெட்டியாக இருக்கும் நேரத்துக்குள் ஆபத்தான சரிவைக் கடந்துவிடுவதற்காக. தூக்கம் கெடுகிறதே என்று வழிகாட்டியிடம் ஒரு மணி நேரம் தள்ளிக் கேட்கிறவர்கள், அந்த ஒரு மணி நேரம் மறுமுனையில் எங்கிருந்து கழிகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வானம் தெளிவா, மோடமா?

சரி, ராத்திரி குளிர்ந்தால் உறைந்துவிடுமே, இமயத்தில் எந்த ராத்திரி குளிராமல் இருக்கிறது என்று கேட்கலாம். இங்கேதான் நீலகிரியைத் தெரிந்தவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது.

டிசம்பர், ஜனவரி விடியலில் ஊட்டியில் தலைகுந்தா, காந்தல் பக்கம் புல்வெளி வெள்ளையாகக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். வீட்டு வாசலில் தொங்கும் தெர்மாமீட்டர் 2 டிகிரி, 3 டிகிரி காட்டும். ஆனால் புல் உறைந்திருக்கும், வண்டி சீட்டின்மேல் பனி படிந்திருக்கும். வானத்தில் ஒரு பொட்டு மேகமும் இல்லாமல் நட்சத்திரம் கொட்டிக் கிடந்த ராத்திரிகளில்தான் இது நடக்கும். மோடம் போட்ட ராத்திரியில் உறைபனி விழாது என்பது அங்கே தேயிலையும் காய்கறியும் போட்டவர்களுக்கு நன்றாகத் தெரியும். தரை தன் சூட்டைக் கண்ணுக்குத் தெரியாத கதிர்வீச்சாக மேலே விட்டுக்கொண்டே இருக்கிறது. வானம் தெளிவாக இருந்தால் அந்தச் சூடு போயே போய்விடும், தரை காற்றைவிடக் குளிர்ந்துவிடும். மேகம் இருந்தால் அதில் பெரும்பகுதி திரும்பிக் கீழே வரும்.

பனிப்பரப்பு இந்த விஷயத்தில் புல்லைவிடவும் கெட்டிக்காரத்தனமாகச் சூட்டை வெளியே விடும். அதனால் தெளிவான, காற்றில்லாத ராத்திரியில் காற்றின் வெப்பம் பூஜ்யத்துக்கு மேலே இருந்தாலும் பனியின் மேற்பரப்பு பல டிகிரி கீழே போய் இறுகிவிடும். மோடமான ராத்திரியில் தெர்மாமீட்டர் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நின்றாலும் பனி சரியாக உறையாது. முந்தின நாள் பகலில் சேர்ந்த தண்ணீர் அப்படியே உள்ளே இருக்கும். அடுத்த நாள் காலை 8 மணிக்கே அந்தச் சரிவு வழக்கமாக நண்பகலில் இருக்கும் நிலைக்கு வந்துவிடும். இப்படி இரண்டு மூன்று ராத்திரி தொடர்ந்தால் ஈரம் ஆழமாக இறங்கிவிடும். ராத்திரியில் மழையே பெய்தால் கணக்கே வேறு: பனிமேல் விழும் மழை, அதிலும் புதுப் பனிமேல் விழும் மழை, சில மணி நேரத்தில், சமயத்தில் சில நிமிடங்களிலேயே சரிவைக் கிளப்பும்.

போனில் பார்க்கும் வெப்பநிலையை வைத்து ஏமாறவும் கூடாது. மணாலி என்று போட்டால் வருவது சுமார் 2,050 மீட்டரில் இருக்கும் ஊரின் வெப்பம். உயரம் 1,000 மீட்டர் கூடினால் சராசரியாக ஆறு, ஆறரை டிகிரி குறையும். ஊரில் ராத்திரி 8 டிகிரி என்றால் 4,000 மீட்டர் கணவாயில் பூஜ்யத்துக்குக் கீழே. அது நல்ல செய்திதான். ஆனால் மோடம் போட்டிருந்ததா என்பதை அந்த எண் தனியாகச் சொல்லாது. ராத்திரி சிறுநீர் கழிக்கக் கூடாரத்தை விட்டு வெளியே வரும்போது தலையை நிமிர்த்தி வானத்தைப் பாருங்கள். நட்சத்திரம் தெரிகிறதா என்பது போனில் இருக்கும் எண்ணைவிடப் பயனுள்ள தகவல்.

விடிந்ததும் காலால் சோதிக்கலாம். ஒரு எச்சரிக்கை: போட்ட பாதையில் நின்று சோதிக்காதீர்கள். முந்தின குழுக்கள் நடந்து நடந்து அழுத்திய பாதை எந்நேரமும் கெட்டியாகத்தான் இருக்கும், அது சரிவின் நிலையைச் சொல்லாது. ஆபத்தில்லாத சமதளத்தில் பாதையை விட்டு நாலு அடி விலகி மிதியுங்கள். ஆள் எடை முழுவதையும் பனி தாங்கினால் நன்றாக உறைந்திருக்கிறது. மேல்தோடு உடைந்து கால் கணுக்கால் வரை போனால் நேரம் குறைவாக இருக்கிறது. தோடு இரண்டு விரல் கனம்தான், அதற்கடியில் சொதசொதவென்று இருக்கிறதென்றால் அன்றைக்குச் செங்குத்தான சரிவுக்குப் போகவே வேண்டாம். கைத்தடியைத் தலைகீழாகப் பிடித்துக் குத்திப் பார்த்தாலும் அடுக்கு மாறுவது கைக்குத் தெரியும்.

சூரியன் சுற்றும் வரிசை

கிழக்கு பார்த்த சரிவுகள் முதலில் நனைகின்றன. அப்புறம் தெற்கு, பிற்பகலில் மேற்கு. ஆல்ப்ஸ் மலைக்காக எழுதப்பட்ட கையேடுகளில் வடக்குச் சரிவு வசந்தத்தில் நெடுநாள் குளிர்ந்தே இருக்கும் என்று படிக்கலாம். இமயத்தில் அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆல்ப்ஸ் இருப்பது ஏறக்குறைய 46 டிகிரி வடக்கில். இமாச்சலும் உத்தராகண்டும் 30 முதல் 33 டிகிரிக்குள் வருகின்றன. ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் அங்கே நண்பகல் சூரியன் 70 டிகிரி உயரத்தில் நிற்கிறது. வடக்குச் சரிவிலும் நல்ல வெயில் விழும். குளிர்காலத்து உதிரி அடுக்கு கரையாமல் மிச்சமிருப்பதும் பெரும்பாலும் அந்த வடக்குச் சரிவுகளில்தான். நிழல்தானே என்று அங்கே ஒதுங்குவது புத்திசாலித்தனம் இல்லை.

உருகத் தொடங்கியபின் வேகம் பிடிக்கும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். புதிய வெண்பனி தன்மேல் விழும் வெயிலில் 80, 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். நனைந்த பழைய பனி, தூசி படிந்த பனி, அதைவிட ரொம்பவே குறைவாகத்தான் திருப்பும். வெளியே தெரியும் பாறைகள் சூடாகித் தங்களைச் சுற்றி உருக்கும். அதனால் முதல் சிறு சரிவுகள் பெரும்பாலும் பாறை ஓரங்களில், ஒரு புள்ளியில் தொடங்கிக் கீழே விரிந்துகொண்டே வரும். எதிர்ச் சரிவில் இப்படி ஒன்றிரண்டு இறங்குவதைப் பார்த்துப் போட்டோ எடுக்கிறவர்கள், தாங்கள் நிற்கும் பக்கம் சூரியன் எப்போது வரும் என்று பார்க்க வேண்டும்.

மலை வேறு அடையாளங்களும் காட்டும். பனி உருண்டைகள் தானாகக் கீழே உருண்டு தடம் போடும். கால் முழங்கால் வரை இறங்கும். காலடியில் பனி திடீரென்று அமுங்கி 'வூம்' என்று ஒரு மந்தமான சத்தம் வரும், அல்லது காலிலிருந்து விரிசல் ஓடும். இந்தக் கடைசி இரண்டும் வந்தால் விவாதமே வேண்டாம், வந்த வழியே திரும்புங்கள். ஈரப் பனிச்சரிவு காய்ந்த பனியின் சரிவைப்போல மணிக்கு நூறு இருநூறு கிலோமீட்டரில் பாய்வதில்லை, மெதுவாகத்தான் வரும். ஆனால் அதன் கனம் பயங்கரமானது, நின்றதும் இறுகிவிடும். உள்ளே இருப்பவர் விரலைக்கூட அசைக்க முடியாது.

முகட்டில் காற்று கட்டிவிட்ட பனித் தாழ்வாரங்கள் வெயிலில் தொங்கி ஒடிவதும், மொத்தப் பனியும் தரைமேல் வழுக்கி நடுவில் வாய் பிளந்து நிற்பதும் எப்போது விழும் என்று யாராலும் நேரம் சொல்ல முடியாது. அவற்றின் கீழே நிற்காமல் இருப்பது ஒன்றுதான் வழி.

புதுப் பனி விழுந்தால் கணக்கு மாறும்

விடியற்காலை பத்திரம் என்று மேலே சொன்னதெல்லாம் பழைய பனிக்குத்தான் பொருந்தும். மார்ச், ஏப்ரலிலும் மேற்கத்திய இடையூறு என்று வானிலைத் துறை சொல்லும் காற்றமைப்பு மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வந்து இமயத்தில் பனியைக் கொட்டிவிட்டுப் போகும். கொட்டும் பனிக்குக் காலையும் ராத்திரியும் ஒன்றுதான். 2025 பிப்ரவரி 28 அன்று பத்ரிநாத்துக்குப் பக்கத்தில் மாணா கிராமத்தில் எல்லைச் சாலைகள் அமைப்பின் முகாம்மேல் பனி இறங்கியது விடியற்காலையில். அதற்கு முன்பு கடும் பனிப்பொழிவு இருந்தது. கண்டெய்னர் அறைகளில் தங்கியிருந்த 54 தொழிலாளர்களில் 46 பேரை மீட்டார்கள், 8 பேர் இறந்தார்கள்.

புதுப் பனி விழுந்தால் 24 மணி நேரம், நிறைய விழுந்திருந்தால் 48 மணி நேரமோ அதற்கு மேலோ, செங்குத்தான சரிவுகளை விட்டு விலகியிருப்பது நல்லது. காற்றும் சேர்ந்தால் நாள் இன்னும் நீளும். காற்று ஒரு பக்கத்துப் பனியை வாரி முகட்டின் மறுபக்கத்தில் கொட்டுவதால், வானத்திலிருந்து விழுந்ததைவிடப் பல மடங்கு அங்கே சேர்ந்துவிடும். எல்லாவற்றிலும் ஏமாற்றுவது புயல் கலைந்தபின் வரும் முதல் வெயில் நாள். முகாமில் இரண்டு நாள் அடைந்து கிடந்தவர்களுக்கு நீல வானத்தைப் பார்த்ததும் கிளம்பத் தோன்றும். புதுப் பனிக்கு அன்றுதான் முதல் வெயில், பிடிப்பு வரும் முன்பே அது நனையப் போகிறது. பருவத்திலேயே அதிக எச்சரிக்கை வேண்டிய நாட்களில் அது ஒன்று.

காலடிச் சரிவும் தலைக்கு மேல் சரிவும்

பனிப்பலகையாகச் சரிபவை பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரிச் சரிவுகளில் கிளம்புகின்றன. அதைவிடச் செங்குத்தானால் பனி சேரும் முன்பே அவ்வப்போது உதிர்ந்துவிடும். நம் வீட்டு மாடிப்படியின் சாய்வை நினைத்துக்கொண்டால் போதும், ஏறக்குறைய அதுதான் ஆபத்தான சாய்வின் தொடக்கம். ஈரப் பனி 25 டிகிரியில்கூட நகர்ந்துவிடும். போனில் சாய்வு காட்டும் ஆப் இலவசமாகவே கிடைக்கிறது. கைத்தடியைச் சரிவின்மேல் கிடத்தி அதன்மேல் போனை வைத்தால் எண் தெரிந்துவிடும்.

ஆனால் இதைக் கற்றுக்கொண்டவர்களும் ஒரு இடத்தில் தவறிவிடுகிறார்கள். அவர்கள் நிற்கும் இடத்தின் சாய்வை மட்டும் அளக்கிறார்கள். பனி கிளம்புவது மேலே. அது வந்து நிற்பது சமதளத்தில். குன்னூர் மலைப்பாதையில் ஐப்பசி மழைக்கு வண்டியை வெட்டிய மண் சுவருக்குக் கீழே நிறுத்தக் கூடாது என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பனிச் சாலையில் மட்டும் அந்த எச்சரிக்கை மறந்துவிடுகிறது, ஏனென்றால் பனி அழகாக இருக்கிறது. டிரைவர் ஓரங்கட்டி நிறுத்தும் 'ஸ்னோ பாயின்ட்' எங்கே இருக்கிறது, அதற்கு மேல் என்ன இருக்கிறது என்று இறங்கும் முன் ஒரு நிமிடம் அண்ணாந்து பாருங்கள். மேலே அகலமான வெள்ளைச் சரிவு, அது ஒரு ஓடைபோலக் குறுகி உங்கள் பக்கம் இறங்குகிறது என்றால் அது பனி வழக்கமாக வரும் தடம். அடர்ந்த தேவதாரு, பூர்ஜ மரக்காட்டுக்கு நடுவில் மேலிருந்து கீழாக ஒரு பட்டை மட்டும் மரமில்லாமல் இருந்தாலும் அப்படித்தான். அங்கே நிற்கும் இளம் மரங்கள் எல்லாம் கீழ்நோக்கி வளைந்திருக்கும், மேல்பக்கக் கிளைகள் முறிந்திருக்கும். சாலைமேலேயே பழைய பனிக் குவியல் அழுக்கேறி, உடைந்த கிளைகளும் கல்லுமாகக் கிடந்தால் போன வாரமோ போன மாதமோ அங்கே வந்திருக்கிறது. பிள்ளைகளை அந்தக் குவியலில் சறுக்கி விளையாட விடாதீர்கள்.

ஓடைப் பள்ளமும் சாலை வளைவின் உள்பக்கமும் கூடுதல் ஆபத்து. சிறிய சரிவுகூட அங்கே ஆழமாகக் குவியும். வசந்தத்தில் அந்த ஓடைகளின்மேல் நிற்கும் பனிப் பாலங்கள் அடியில் உருகி மெலிந்தும் இருக்கும்.

அறிவிப்பு என்ன சொல்கிறது

நம் நாட்டில் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுவது பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனத்தின் கீழ் இருக்கும் டி.ஜி.ஆர்.இ. என்ற பாதுகாப்புப் புவித்தகவல் ஆய்வு நிறுவனம். 1969-இல் மணாலியில் தொடங்கப்பட்ட பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் 2020-இல் இன்னொரு ஆய்வகத்தோடு இணைந்து இந்தப் பெயர் பெற்றது, தலைமையகம் சண்டிகரில். ஜம்மு காஷ்மீர், லடாக், இமாச்சல், உத்தராகண்ட் பகுதிகளுக்கு மாவட்ட வாரியாக, குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் என்று எச்சரிக்கை வரும். மாவட்ட நிர்வாகங்கள் அதை வாங்கி அறிவிக்கும்.

உலகம் முழுக்கப் புழங்கும் அளவுகோலில் ஐந்து படிகள்: குறைவு, மிதம், கணிசம், அதிகம், மிக அதிகம். மூன்று என்றால் நடுவில்தானே, போகலாம் என்று மனசு சொல்லும். படிக்குப் படி ஆபத்து ஒரே அளவாகக் கூடுவதில்லை, மடங்காகக் கூடுகிறது. ஆல்ப்ஸ் நாடுகளில் பனிச்சரிவு உயிரிழப்புகளில் பெரும்பங்கு இந்த மூன்றாம் நிலை நாட்களில்தான் நடக்கிறது. நான்கு, ஐந்து என்றால் ஆட்கள் வீட்டில் இருந்துவிடுகிறார்கள், மூன்று என்றால் கிளம்பிவிடுகிறார்கள். இன்னொன்றும் உண்டு: அந்த எண் ஒரு மாவட்டத்துக்கே பொதுவானது. உங்கள் பாதைக்கு மேலே நிற்கும் ஒரு சரிவு இன்று 11 மணிக்கு எப்படி இருக்கும் என்று அது சொல்லாது. வழிகாட்டியும் வானமும் உங்கள் காலும்தான் அதைச் சொல்ல வேண்டும்.

ஆகவே பணம் கட்டும் முன் டிரெக்கிங் கம்பெனியிடம் சிலவற்றைக் கேட்டுவிடுங்கள். எந்தச் சரிவை எத்தனை மணிக்குள் கடப்பீர்கள்? ராத்திரி உறையாவிட்டால் மாற்றுத் திட்டம் என்ன? திருப்பி அனுப்பும் முடிவை யார் எடுப்பார்? குழுவிடம் புதைந்தவர் இருக்கும் இடத்தைத் தேட 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் வேலை செய்யும் கருவியும், குத்திப் பார்க்கும் நீளக் கம்பியும், மண்வெட்டியும் இருக்கின்றனவா, அவை ஒவ்வொருவரிடமும் இருக்குமா? மூன்றும் சேர்ந்தால்தான் பயன். புதைந்தவரை முதல் 10 நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி தாண்டினால் ஏறக்குறைய மூன்றில் ஒருவர்தான். ஹெலிகாப்டரோ ராணுவமோ அந்தப் பத்து நிமிடத்தில் வர முடியாது, கூட நடந்தவர்கள்தான் தோண்ட வேண்டும். "அதெல்லாம் தேவைப்படாதுங்க" என்பது இந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது.

நம் பக்கத்து ஆட்களுக்கே உரிய ஒரு நெருக்கடியும் இருக்கிறது. கோவையிலிருந்து ஹஸ்ரத் நிஜாமுதீன் போகும் கொங்கு எக்ஸ்பிரஸ் வாரத்துக்கு ஒரு நாள். அதில் திரும்புவதற்கு டிக்கெட் போட்டிருப்பார்கள், பனியன் கம்பெனியில் லீவு எண்ணிக் கொடுத்திருப்பார்கள். இரண்டு நாள் புயலில் போய்விட்டால் மூன்றாம் நாள் எப்படியாவது கணவாயைத் தாண்டிவிட வேண்டும் என்று குழுவே சேர்ந்து வழிகாட்டியை நெருக்கும். மலையடிவாரத்து ஊர்க்காரரான அவருக்கும் அடுத்த குழுவின் வேலை போய்விடுமோ என்ற பயம் இருக்கும். இதைச் சரிசெய்ய ஒரே வழி ஊரிலேயே இரண்டு நாள் கூடுதலாக வைத்துத் திட்டமிடுவது. அது முடியாதென்றால் கணவாய் தாண்டும் பாதையை விட்டுவிட்டு, புல்வெளிக்குப் போய்த் திரும்பும் தயாரா புக்யால் மாதிரியான பாதையைத் தேர்ந்தெடுங்கள். கணவாய் அடுத்த வருடமும் அங்கேதான் இருக்கும் என்பதை, முன்வந்து சொல்லத் தயங்கும் தம்பிகளுக்குக் குழுவில் மூத்தவர் ஒருவர் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

நேரத்தைப் பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள். ஏறும்போது 6 மணிக்குக் கடந்த சரிவையே இறங்கும்போது 1 மணிக்குக் கடப்பதாகப் பல திட்டங்கள் இருக்கின்றன. ஏறின தைரியத்தில் யாரும் அதைக் கவனிப்பதில்லை. தெளிவான ராத்திரிக்குப் பிறகு, கிழக்கோ தெற்கோ பார்த்த சரிவை 10 மணிக்குள் திரும்பக் கடந்து முடிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிகரத்திலிருந்து அந்த இடத்துக்கு ஒன்றரை மணி நேரம் இறக்கம் என்றால் உச்சியில் எட்டரைக்குமேல் நிற்கக் கூடாது. ஏற்றம் ஐந்து மணி நேரம் என்றால் மூன்றரைக்குக் கிளம்பினால்தான் சரிக்குச் சரி, போட்டோவுக்கும் தேநீருக்கும் சேர்த்து மூன்று மணிக்கே கிளம்ப வேண்டும். ராத்திரி மோடம் போட்டிருந்தால் அந்த 10 மணியை 8 ஆக்குங்கள். கணக்கு உதைத்தால் அன்றைக்குச் சிகரம் வேண்டாம். எட்டரை மணிக்கு உச்சி இன்னும் 200 மீட்டர் தள்ளித் தெரிந்தாலும், கால் கெட்டியான பனியில்தான் நிற்கிறது என்றாலும், திரும்ப வேண்டிய நேரம் அதுதான்.